பின்வரிசையிலிருந்து ஓர் உள்ளேன்

1956 ஜனவரி 9, திங்கள்

இன்று மழை.

இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் கொண்டைக்கடலை சூப் பொங்கி வழிந்துவிட்டது. வழியட்டும். எழுதியதைத் திரும்பப் படித்தேன். மழை என்றே இருந்தது! வெளியே எட்டிப் பார்த்தேன், அங்கேயும் மழைதான். எழுபது வயதுவரை மழையில் நனைந்திருக்கிறேன், மழையைத் திட்டியிருக்கிறேன், பாதிரியாருக்குப் பின்னால் ஊர்வலம் போய் மழையைக் கேட்டும் இருக்கிறேன். எழுதியது இன்றுதான்.

டீச்சர் சொன்னார்: "தினம் ஒரு வரியாவது எழுதுங்க. என்கிட்ட காட்ட வேண்டாம். எண்பது நோட்டைத் திருத்த எனக்கு எண்பது கண்ணு வேணும். உங்களுக்கு நீங்களே எழுதிக்குங்க."

அப்படியானால் இது சவேரியோவுக்கு சவேரியோ எழுதுவது. வணக்கம், சவேரியோ. நலமா?

ஜனவரி 11, புதன்

நலம். கை மட்டும் வலிக்கிறது. மண்வெட்டி பிடித்தால் வலிக்காத கை பென்சில் பிடித்தால் வலிக்கிறது.

பெரியவர்களுக்கான இந்த மாலைப் பள்ளிக்கூடம் என்பது ஊராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளம். முன்பு கோதுமை மூட்டை அடுக்கிய இடம். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், நடுவில் ஒரே ஒரு பல்பு. ஆளுக்கு ஒரு விறகு கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. எண்பது பேரின் விறகு எரிந்தால் எப்படி இருக்கும்! மேயர் வீட்டு அடுப்புகூட அப்படி எரியாது. இவ்வளவு கூட்டமா என்று டீச்சர் பெருமூச்சு விடுகிறார். கூட்டத்தால்தான் எங்களுக்குக் குளிர் தெரியவில்லை.

டீச்சர் பெயர் ஓர்தென்சியா, நேப்பிள்ஸ்காரி. என் பேத்தி வயது இருக்கும். ஒவ்வொரு பெஞ்சிலும் கொஞ்சம் தெரிந்தவரை நடுவில் உட்கார வைத்திருக்கிறார். நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் பெஞ்சுக்கு நடு யார் தெரியுமா? நான்!

என் இடப்பக்கம் எஜீதியோ. என்னோடு ஆடு மேய்த்து வளர்ந்தவன். இப்போது ஊர் ஊராகப் போய்ப் பன்றி வெட்டிக் கொடுக்கிறான். பெண்டாட்டி பிள்ளை இல்லை, பள்ளத்துச் சரிவில் கடைசி வீடு.

"உனக்கு எழுத்து எதுக்குடா?" என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கெதுக்கு? நான் அடுப்புக்கு வரேன். எங்க வீட்டுல ஒரு விறகு எரிச்சா ஒரு விறகு சூடுதான். இங்க ஒண்ணு கொடுத்தா எண்பது" என்றான்.

டீச்சர் பலகையில் எழுதி வாசிக்க, எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். சுவர் அதிரும். எஜீதியோ வாயை மட்டும் அசைக்கிறான், சத்தம் வருவதில்லை. எண்பது வாயில் ஒரு வாய் சும்மா இருந்தால் டீச்சருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும்.

ஜனவரி 17, செவ்வாய்

வனத்து அந்தோனியார் திருநாள். தெருவெல்லாம் நெருப்பு மூட்டியிருந்தார்கள். இன்றிலிருந்து பன்றி வெட்டும் காலம். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. ஒரு வீட்டில் பன்றி என்றால் நாலு வீட்டுக்கு வேலை.

மாதக் கடைசியில் வருகைக் கணக்கு மாகாண அலுவலகத்துக்குப் போகும். பாதிக்கும் கீழே விழுந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் நான் எங்கே போவேன்? புத்தகத்தில் இன்னும் பாதிகூட ஆகவில்லை.

கடவுள் மிங்கூச்சோவைக் கொடுத்திருக்கிறார். கோவேறு கழுதை ஓட்டுகிறவன். ஊரில் யார் குரலையும் அவன் தொண்டையில் கேட்கலாம். கழுதையின் குரலையும் சேர்த்து. பின்வரிசையில், பல்பு வெளிச்சம் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருப்பான். டீச்சர் தலை குனிந்து பேர் வாசிக்கிறார். வராதவர்களுக்கெல்லாம் அவன்தான் "உள்ளேன்". ஒருவருக்கு மூக்கால் சொன்னான், இன்னொருவருக்குத் திக்கித் திக்கிச் சொன்னான். நுன்சியா கிழவி பேர் வந்தது. கிழவி வீட்டில் குடல் கழுவிக்கொண்டிருக்கிறாள். இங்கே, "உள்ளேன்மா" என்று நடுங்கிக்கொண்டு ஒரு குரல்.

"நுன்சியாம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் கேட்டார், தலையைத் தூக்காமல்.

"இருமல் டீச்சர். கொஞ்சம் ஒயின் காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும். வாங்கிக் கொடுத்தீங்கன்னா."

பெண்கள் பக்கம் சால்வையை வாயில் திணித்துக்கொண்டார்கள். டீச்சரின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன்.

ஜனவரி 24, செவ்வாய்

இன்று கடைப்பலகையைப் படித்தேன்! நின்று, எழுத்து எழுத்தாக. உப்பு. புகையிலை. திரும்ப வந்து இன்னொரு தடவை படித்தேன். மாறவில்லை.

எஜீதியோவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அம்பது வருசமா உப்பு வாங்குற கடையில உப்பு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்! போ, போய்க் கோயில் கோபுரத்தைப் படி. மணி இருக்கா பாரு" என்றான்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

ஜனவரி 30, திங்கள்

வகுப்பு விட்டுப் போகும்போது எஜீதியோ என்னை நிறுத்தினான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சவேரியோ, என் பேரோட முதல் எழுத்து அந்தச் சீப்பு மாதிரி இருக்கிறதுதானே?"

"அதேதான். மூணு பல்லு இருக்கிற E."

"அது ஒண்ணு பிடிபட்டுது. மத்ததெல்லாம் சத்தத்துல கலைஞ்சுபோகுது. எல்லாரும் கத்துறீங்க, நான் ஒண்ணைப் பிடிக்கிறதுக்குள்ள நீங்க மூணு தாண்டிடுறீங்க."

அடுப்புக்கு மட்டும் வரவில்லை அவன்! மத்தியானம் என் வீட்டுக்கு வா, நான் நிதானமாகச் சொல்லித் தருகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நடு பெஞ்சுக்காரன் நான்தானே" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறிவிட்டது.

"ஓ, நீ எனக்கு வாத்தியாரா? என் ஆட்டையும் சேர்த்து மேய்க்கச் சொன்னா தூங்கிட்டு நின்னவன்தானே நீ."

போய்விட்டான். நாளைக்குச் சரியாகிவிடுவான்.

ஜனவரி 31, செவ்வாய்

சரியாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான், பேசவில்லை. என்னைவிடப் பிடிவாதக்காரன்.

பிப்ரவரி 2, வியாழன்

பனி. காலையில் கதவு திறக்க முடியவில்லை. இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. பண்ணைப் பக்கம் இருப்பவர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

என் பக்கம் இடம் காலி. டீச்சர் பேர் வாசிக்கும்போது நான் என் பேரின் முதல் எழுத்தான S-ஐ, பாம்பு மாதிரி வளைகிற அந்தக் கூட்டெழுத்தை, எழுதிக்கொண்டிருந்தேன். மேல் வளைவு வந்தால் கீழ் வளைவு வருவதில்லை. "எஜீதியோ" என்றார். பின்வரிசையிலிருந்து "உள்ளேன்" என்று கரகரப்பாக ஒரு குரல். மிங்கூச்சோவோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதைத் தொடர்ந்து எஜீதியோவின் தொண்டைச் செருமல் வந்தது. கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு செருமல். அதை யாராலும் செய்ய முடியாது.

ஆக, கோபம் இன்னும் போகவில்லை. பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவனாக வரட்டும்.

பாம்பு கடைசியில் நன்றாக வந்தது. ஒரு வரி முழுக்க எழுதினேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

இன்றும் பின்னால்தான் இருந்தான். கேட்டேன். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு ஓடிவிட்டார்கள். போகட்டும். திங்கட்கிழமை நானே பேசிவிடுகிறேன். புகையிலை கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, திங்கள்

எஜீதியோ இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

புதைத்துவிட்டு வந்தோம். மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் அசூந்தா தன் பன்றியை வெட்ட அவனைக் கூப்பிடப் பள்ளத்துச் சரிவுக்குப் போனாள். அசூந்தா எங்கள் வகுப்பில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு. வாசலில் பனி கலையாமல் கிடந்தது. தட்டினாள், கூப்பிட்டாள், பிறகு தோளால் முட்டித் திறந்தாள். பரண் ஏணி சரிந்து கிடந்தது. அதன் அடியில் அவன். இடுப்பு முறிந்திருந்தது. பக்கத்தில் ஒரு விறகு. அவன் அடுப்புக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ — யாரைக் கேட்பது?

வியாழக்கிழமை விழுந்திருப்பான் என்றார் டாக்டர். உடனே சாகவில்லை. "ரெண்டு ராத்திரியாவது உயிரோட இருந்திருக்கார். அன்னைக்குச் சாயங்காலமே யாராவது எட்டிப் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

வியாழன் சாயங்காலம். நான் பாம்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஐயோ, கழுத்தைத் திருப்புறதுக்கு என்னடா கேடு உனக்கு? கிழட்டுப் பயலே, எழுத்து எங்க ஓடிப்போகப் போகுது?

மிங்கூச்சோவுக்கும் தெரியாது. எஜீதியோ கீழ்ப் பண்ணைக்குப் பன்றி வெட்டப் போய், பனியில் அங்கேயே தங்கிவிட்டான் என்று நினைத்திருக்கிறான். எல்லோருக்கும் உள்ளேன் சொன்ன மாதிரி அவனுக்கும் சொன்னான். நன்றாகச் செய்ய வேண்டும் என்று செருமலையும் சேர்த்தான்.

பிப்ரவரி 10, வெள்ளி

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். எஜீதியோவுக்கு வீட்டு ஆள் கிடையாது. அசூந்தா கோழிச் சாறு காய்ச்சிவிட்டாள், நுன்சியா கிழவி ரொட்டி சுட்டுவிட்டாள், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தெருவில் பானையோடு நின்றார்கள். பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மேசைமேல் வைத்தார்கள்.

டீச்சர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு இது?" என்றார்.

"நமக்குத்தான் டீச்சர். அவருக்கு நாமதானே" என்றாள் அசூந்தா.

யாரும் தொடவில்லை. சாறு ஆறிப்போய் மேலே கொழுப்பு உறைந்தது. டீச்சர்தான் முதலில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன் பிறகு எல்லோரும் குடித்தோம்.

பிப்ரவரி 13, திங்கள்

டீச்சர் பேர் வாசிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும். மிங்கூச்சோதான் சொல்றாருன்னு முதல் நாளே தெரியும். நான் தலையைத் தூக்கினா தெரிஞ்சதா ஆயிடும், அதனால தூக்கல. ஒரு பத்துப் பேர் இருக்கிற வகுப்பா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன், எஜீதியோ எங்கேன்னு. பட்டியல்ல எண்பது பேர் இருந்தீங்க. எண்பதுல யாரோ பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

அப்படித்தான் நானும் இருந்தேன். எல்லோரும் அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

மிங்கூச்சோ வரவில்லை. அவனுக்காக யாரும் உள்ளேன் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மிங்கூச்சோ என் வீட்டுக்கு வந்தான். நெருப்பருகே உட்கார்ந்தான். ஒயின் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மாமா, கழுதைய அதட்டக்கூட வாய் வரமாட்டேங்குது. வாயைத் திறந்தா அந்தச் செருமல் முதல்ல வருது."

"நீ வேணும்னு செஞ்சியா?"

"அவர் அங்க கிடந்து கத்தியிருப்பாரு மாமா. அவர் குரல் யாருக்கும் கேக்கல. அதே நேரத்துல அதே குரல்ல நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டிருந்தேன். எல்லாரும் சிரிச்சீங்க."

நான் சிரிக்கவில்லை, ஏமாந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவனுக்கு இன்னும் கனக்கும். எஜீதியோவுக்காக எடுத்து வைத்த புகையிலையை அவனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 28, செவ்வாய்

பனி உருகி வழி திறந்துவிட்டது. ஆனால் பெரிய குடும்பத்து ஆண்கள் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். வகுப்பில் பாதிக்கும் குறைவு. நாளை கணக்கு அனுப்ப வேண்டும்.

தண்ணீர்க் குழாயருகே பெரிய சண்டை.

"இந்த ஒரு மாசம் மட்டும் மிங்கூச்சோ சொல்லட்டும்" என்றாள் அசூந்தா. எஜீதியோவைக் கண்டெடுத்த அசூந்தாவேதான். "போனவர் போயிட்டாரு. இருக்கிறவங்க படிக்க வேண்டாமா? நான் இன்னும் சேர்த்து எழுதுற கூட்டெழுத்துக்கே வரல. எம் புருசன் பெல்ஜியத்துச் சுரங்கத்துல இருந்து எழுதுறதைப் பாதிரியார் வாயால கேட்டுக் கேட்டு எனக்கு வெக்கமா இருக்கு."

"வெக்கமா? உம் புருசன் அப்படி என்னதான் எழுதுறான்?" என்றாள் நுன்சியா கிழவி.

"கிழவி, நீ சும்மா இரு. நீ குடல் கழுவிட்டே உள்ளேன் சொன்னவ."

சிரிப்பு வந்தது, உடனே நின்றது. மிங்கூச்சோ கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனையே பார்த்தோம். வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

அசூந்தா என்னிடம், "நீங்க சொல்லுங்க மாமா. உங்களைவிட யாருக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேணும்?" என்றாள்.

உண்மைதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 29, புதன்

டீச்சர் பேர் வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தார். வந்தவர்கள் சொன்னோம். வராதவர்களுக்கு அவர் காத்திருந்தார். எண்பது பேர் சேர்ந்து கத்தினபோதுகூட அந்த அறை அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

பின்வரிசையில் மிங்கூச்சோ வந்து உட்கார்ந்திருந்தான். தன் பேருக்குத் தன் குரலில் சொன்னான். மெல்லிய குரல். அவனுடைய சொந்தக் குரலை நாங்கள் யாருமே சரியாகக் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு வாயைத் திறக்கவில்லை.

பேர்கள் கடைசி நெருங்க நெருங்க, பாதி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலப்பக்கத்துக்காரன் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் பேரைக் கூப்பிட்டார். உள்ளேன் என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாரும் என்னைத் திட்டியிருக்கமாட்டார்கள். அசூந்தா சால்வை ஓரத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விழுங்கினேன். சாப்பிடாத நாளில் வறட்டு ரொட்டி விழுங்குகிற மாதிரி இருந்தது.

டீச்சர் கணக்கை எழுதி, ஒட்டி, தபால் பையில் போட்டார்.

மார்ச் 6, செவ்வாய்

பாடம் நடக்கிறது. கொஞ்சப் பேர்தான் என்பதால் டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைக்கிறார். இந்த வாரம் படித்த அளவு குளிர்காலம் முழுக்கப் படிக்கவில்லை. அடுப்பில் விறகு போதாமல் அறை சில்லென்று இருக்கிறது.

எஜீதியோவுக்கு இப்படி ஒரு வாரம் கிடைத்திருந்தால் தன் பேர் முழுவதும் எழுதியிருப்பான்.

மார்ச் 16, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். டீச்சரை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நூறு பேராம்.

மார்ச் 24, சனி

டீச்சர் பஸ் ஏறினார். வழியனுப்ப ஊரே வந்தது. வகுப்புக்கு இந்தக் கூட்டம் வந்திருந்தால் மூடியிருக்கவே மாட்டார்கள் என்று நுன்சியா கிழவி சொல்லிவிட்டு, தானும் வராதவள்தான் என்று நினைவு வந்ததும் அழுதாள்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதிப் புத்தகத்துல விட்டுட்டுப் போறேன் சவேரியோ அய்யா. மன்னிச்சுக்குங்க."

"மீதிப் பாதியிலயும் இதே எழுத்துங்கதானே டீச்சர்? வேற வேற இடத்துல உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதானே?"

அவர் சிரித்தார். "அங்க நூறு பேராம். என்ன செய்வேன்னு தெரியல."

"தலையைத் தூக்கிப் பாருங்க" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் கை தெரிந்தது.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

புத்தகத்தில் ஒரு பக்கம் தனியாகப் படித்தேன். கழுதையையும் ஆற்றையும் பற்றிய கதை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஏப்ரல் 9, திங்கள்

மூன்று நாளாக இருமல். வெளியே போகவில்லை. மாலை மணி அடித்தபோது பழக்கத்தில் தொப்பியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். போய் உட்கார இடம் ஏது?

கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ இடித்தார்கள்.

"யாரு?" என்றேன்.

"யாரா இருந்தா என்ன? திறங்க மாமா" என்றாள் அசூந்தா.

"இருக்கேன், இருக்கேன். இருமல்தான். போங்க."

"குரலெல்லாம் செல்லாது. முகத்தைக் காட்டுங்க."

திறந்தேன். அசூந்தா, நுன்சியா கிழவி, இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் பின்னால் மிங்கூச்சோ. பள்ளிக்கூட நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லையாம். போன வாரம் ஒரு நாள் அசூந்தா எதிர்வீட்டைத் தட்டினாளாம். அவர்கள் அடுத்த வீட்டைத் தட்டினார்களாம். இப்போது தினமும் மணி அடித்ததும் தெருத் தெருவாகப் போகிறார்கள்; எங்கள் தெருவுக்கு வந்தது இன்றுதான். ஒரே சட்டம்: உள்ளேயிருந்து பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

"முகமா இது? எதுக்குத் திறக்கச் சொன்னோம்னு ஆயிடுச்சு" என்றாள் நுன்சியா கிழவி.

சால்வையைப் போர்த்திக்கொண்டு நானும் அவர்களோடு நடந்தேன். மேல் தெரு, குழாயடி, கோயில் சந்து. கதவு திறக்கும், ஒரு முகம் வெளியே வரும், மிங்கூச்சோ ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்த்துத் தலையாட்டுவான். கதவு மூடும்.

தட்ட வேண்டிய கதவுகள் முடிந்தபின் நேராக ஏறினால் சீக்கிரம் திரும்பிவிடலாம். இவர்கள் பள்ளத்துச் சரிவு வழியாக இறங்கித்தான் திரும்புகிறார்கள். அது சுற்றுவழி. அங்கே ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. கதவில் ஆணி அடித்திருக்கிறது. யாரும் தட்டுவதில்லை. அந்த இடத்தில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக நடக்கிறார்கள்.